தமிழ் வழி வகுப்புக்கு நிலையான டீச்சரும், தமிழிலேயே செயல்பாட்டுத் தாள்களும் வேண்டி மனு

அனுப்புநர்:
தமிழ்ப் பிரிவுப் பெற்றோருக்காக,
தாய்மார் பி.டி.ஏ. (பெற்றோர்–ஆசிரியர் சங்கம்) தலைவி,
அரசு எல்.பி. பள்ளி (தொடக்கப் பள்ளி), சித்தூர் தாலுகா கிழக்கு எல்லை,
பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
பொதுக்கல்வித் துணை இயக்குநர் அவர்கள்,
பாலக்காடு.

பொருள்: எல்.பி. பள்ளித் தமிழ்ப் பிரிவில் காலியாக உள்ள ஆசிரியர் பணியிடங்களை ஜூன் 1-க்கு முன் நிரப்பவும், வகுப்பறைச் செயல்பாட்டுத் தாள்களை மலையாளத் தாள்களோடு சேர்த்துத் தமிழிலும் அனுப்பவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் இதே பள்ளியின் தமிழ்ப் பிரிவில் படித்தவள். என் மூத்த மகள் இங்கே நாலாம் வகுப்பு முடித்துப் போய்விட்டாள். இளையவள் இப்போது மூன்றில் இருக்கிறாள். தொழிலுறப்பு (வேலை உறுதித் திட்டம்) வேலைக்குப் போகிறேன், வீட்டில் இரண்டு எருமை இருக்கிறது. மனு எழுதிப் பழக்கமில்லை. தமிழில் எழுதினால் வாங்கிக்கொள்வார்களா என்று சில பெற்றோர் தயங்கினார்கள். தமிழ், கன்னடம் பேசும் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே பெறலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்வதாக எங்கள் ஹெச்.எம். எடுத்துச் சொன்ன பிறகுதான் துணிந்து எழுதுகிறேன்.

எங்கள் வகுப்பறைகளில் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலிப் பணியிடம் என்று ஒரு வரியில் எழுதினால், அந்த டீச்சர் இல்லாமல் போனதில் எது நின்றுபோனது என்பது தங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

முதல் வகுப்பில் சம்யுக்த டயரி எழுதுகிறார்கள். பிள்ளை பென்சிலில் எழுதும், தெரியாத சொல்லை மட்டும் வீட்டில் பெரியவர்கள் பேனாவில் எழுதிக் கொடுப்பார்கள், கீழே ஒரு படம் வரைய வேண்டும். போன வருடம் ஒரு பையன் இப்படி எழுதி வந்தான்: "இன்னைக்கு எங்கூட்டு எருமை கன்னு போட்டுச்சு. கன்னுக்கு நெத்தியில வெள்ளை இருக்குது. அம்மிச்சி சீம்பால் காச்சிக் குடுத்தாங்க." இதில் சீம்பால் என்ற ஒரு சொல் மட்டும்தான் பேனா, மற்றதெல்லாம் அவனே எழுதியது. எங்கள் டீச்சர் அதைத் திருத்தி மூடி வைக்கவில்லை. மறுநாள் எல்லாப் பிள்ளைகளையும் வீட்டில் கேட்டு வரச் சொன்னார். ஒரு வீட்டில் சீம்பால், இன்னொரு வீட்டில் கடும்பு என்றார்கள். அந்தப் பாலில் ஏன் தயிர் தோய்வதில்லை என்று ஒரு பெண் கேட்டாள். நெத்தி என்று பேசுவதை நெற்றி என்று எழுத வேண்டும் என்பதையும் அன்றைக்கே கற்றுக்கொண்டார்கள். எருமை போட்ட கன்றிலிருந்து ஒரு வாரத்துக்கு வேண்டிய பாடத்தை அந்த டீச்சர் எடுத்தார். ஐயா, எங்கள் வீட்டுப் பேச்சு தெரிந்த ஒருவர் வகுப்பில் இருந்ததால் நடந்தது இது.

எழுத்தறியாத அம்மிச்சிகளும் அப்பத்தாக்களும் இருக்கும் வீடுகளில் அந்த டயரி வேறொரு வேலையும் செய்தது. பேரனுக்குச் சொல் எழுதிக் கொடுக்க முடியவில்லையே என்று ஒரு பாட்டி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய் உட்கார்ந்து தன் பெயரை எழுதப் பழகினார். நான் நேரில் பார்த்தேன்.

இரண்டாம் வகுப்புக் கணக்குக்குத் தென்னை ஈர்க்குதான் கருவி. பத்துப் பத்தாகக் கட்டி வைத்து, 43 என்றால் நாலு கட்டும் மூன்று ஈர்க்கும் எடுத்துக் காட்டுவார்கள். 43-லிருந்து 17-ஐ எடுக்கும்போது ஒரு கட்டைப் பிரிக்கத்தான் வேண்டும் என்பதைப் பிள்ளையின் கையே கண்டுபிடித்துவிடும். என் இளையவளுக்குக் கடன் வாங்கிக் கழிப்பது இன்று வரை தடுமாறவில்லை.

மூன்றாம் வகுப்பார் மழை அளந்தார்கள். பக்கவாட்டு நேராக இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, வெளியே ஸ்கேல் ஒட்டி, கொடிக்கம்பத்தின் பக்கத்தில் கல் அடுக்கி நிறுத்தியிருந்தார்கள். காலை மணி அடித்ததும் இருவர் போய்ப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று கரும்பலகையில் எழுத வேண்டும். கேரளம் என்றாலே கொட்டும் மழை என்றுதான் பாடப் படங்களில் இருக்கிறது. எங்கள் பக்கம் மலை மறைவு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான் ஆனி ஆடியில் எங்களுக்கு வரும், மேற்கே பெய்கிற மாதிரி மழை வராது. பாட்டிலில் சொட்டுத் தண்ணீர் இல்லாத ஜூன் நாட்களையும் பூஜ்யம் என்று எழுதி வைத்தார்கள். ஐப்பசியில் ஒரே இரவில் பாட்டில் பாதி நிறைந்த அன்று வகுப்பே துள்ளியது.

நாலாம் வகுப்பார் மாதம் ஒருமுறை சுவர்ப் பத்திரிகை போட்டார்கள். பள்ளிச் செய்திகள் எல்லாம் அதில்தான் வரும். ஜூன் 1 பள்ளி திறப்பு விழாவான பிரவேசனோற்சவத்தில் எத்தனை புதுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள், ஜூன் 19 வாசிப்பு நாளில் யார் எந்தக் கதையைப் படித்துக் காட்டினார்கள், மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் தோட்டத்து முருங்கைக் கீரை எத்தனை நாள் போனது என்று எல்லாம் இருக்கும். ஒரு மாதம் தலைப்புச் செய்தி "ஆத்துல தண்ணி வந்துடுச்சு". பறம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர் ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதியிருந்தார்கள். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி, அதற்கு எத்தனை சைபர் என்று போட்டுப் பார்த்து ஒன்பது என்று ஓரத்தில் குறித்திருந்தார்கள். அந்தச் செய்தியை வாசிக்க, பிள்ளையைக் கூப்பிட வந்த அப்பாக்கள் வாசலில் நின்றதைப் பார்த்தேன்.

இனி எங்கள் குறை. இதையெல்லாம் செய்து காட்டிய டீச்சர் தினச்சம்பளத்தில் இருந்தவர். மார்ச் மாதக் கடைசியோடு அவர் பணி முடிந்தது. ஜூன் பிறந்தபோது தமிழ்ப் பிரிவின் நான்கு பணியிடங்களில் இரண்டில் ஆள் இல்லை. ஒன்றும் இரண்டும் ஒரே அறையில் உட்கார்ந்தன, மூன்றும் நாலும் இன்னொரு அறையில். இருந்த இரண்டு டீச்சர்களும் தங்களால் ஆனதைச் செய்தார்கள், அவர்கள் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் ஒரு வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மற்ற வகுப்பு சும்மா எழுதிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. புது டீச்சர் வந்து சேர ஆறு வாரம் ஆனது. அதற்குள் புது முதல் வகுப்பில் டயரி தொடங்கவே இல்லை. மழைப் பாட்டில் காற்றில் விழுந்து உடைந்தது, எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. சுவர்ப் பத்திரிகை இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது.

வந்த டீச்சரும் நல்லவர், உழைப்பாளி. அவரும் மார்ச்சில் போய்விடுவார் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். "இந்த டீச்சரும் போயிருவாங்களாம்மா?" என்று என் மகள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஆறு வயதுப் பிள்ளை ஒரு டீச்சரிடம் ஒட்டிக்கொண்ட பிறகுதான் வாய் திறக்கும். வருடா வருடம் அந்த ஒட்டுதலை அறுத்தால் அது வாய் மூடிக்கொள்ளும்.

இரண்டாவது குறை செயல்பாட்டுத் தாள்கள் பற்றியது. 2024–25-இல் ஒன்று, மூன்று வகுப்புகளுக்கும் 2025–26-இல் இரண்டு, நாலு வகுப்புகளுக்கும் புதுப் பாடப்புத்தகங்கள் வந்துவிட்டன. நான் படித்த காலத்தில் பாடத்தை ஒப்பித்தால் போதும். இந்தப் புத்தகங்களில் செய்து பார், கேட்டு வா, கூடிப் பேசு என்பதுதான் பாடமே. இது எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நடுநடுவே பள்ளிக்கு வரும் பயிற்சித் தாள்கள் பெரும்பாலும் மலையாளத்தில் வருகின்றன. டீச்சர் இரவில் உட்கார்ந்து கையால் தமிழில் எழுதி, காலையில் தன் காசில் நகலெடுத்து வருகிறார். நேரம் இல்லாத நாளில் மலையாளத் தாளையே கொடுத்து வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படி ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். கர்க்கடக மாதத்தில் உங்கள் ஊரில் என்ன விதைப்பார்கள் என்று ஒரு கேள்வி. எங்களுக்கு அது ஆடி மாதம். தாய்மார் கூட்டத்துக்குப் போன நான் வகுப்பின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் கேள்வியைப் பார்த்து, நண்டு வரைந்து வைத்தான். கர்க்கடகம் என்றால் நண்டு என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். அவனுடைய அப்பா கடலைக்காய் விவசாயி. "ஆடி மாசம் என்ன சாமி விதைப்பீங்க?" என்று டீச்சர் மாற்றிக் கேட்டதுமே, "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு எங்க அப்பாரு சொல்லுவாரு டீச்சர், கடலைக்காய் போடுவோம்" என்றான். விதை முளைக்க எத்தனை நாள், எத்தனை களை வெட்டு என்று நிறுத்தாமல் பேசினான். விடை அவன் வாயிலேயே இருந்தது. தாளில் அவனுக்கு மார்க் இல்லை.

மலையாளம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் நானே மலையாளத்தில்தான் பேசுகிறேன், என் மூத்தவள் அதில் சரளமாக எழுதுகிறாள். எங்கள் பிள்ளைகள் இந்த மாநிலத்துப் பிள்ளைகள், இங்கேதான் வேலைக்குப் போகப் போகிறார்கள். முதலில் எழுத்தும் எண்ணும் தாய்மொழியில் ஊன்றினால் அடுத்த மொழி தானாக வரும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். தொடக்கப் பள்ளியில் மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதி தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. முடிந்தவரை தாய்மொழியில் பயிற்றுவிக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது.

இது முடியாத காரியமும் இல்லை. கொரோனா காலத்தில், 2020-இல் ஃபர்ஸ்ட் பெல் என்ற டி.வி. வகுப்புகள் தொடங்கியபோது அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸில் வந்த பாடங்களோடு தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் தனியாகப் பாடம் எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு போன் கடன் வாங்கிப் பார்த்தோம். அவ்வளவு நெருக்கடியில் செய்ததை இப்போது தாளில் செய்யக் கேட்கிறோம்.

ஆகவே தாங்கள் செய்து தர வேண்டியது முதன்மையாக இரண்டு. தமிழ் வழி எல்.பி. ஆசிரியர் பணிக்கு பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தனியாகத் தேர்வு நடத்துகிறது. எங்கள் இரண்டு காலியிடங்களையும் அந்தப் பட்டியலிலிருந்து நிரப்பும்படி முறைப்படி தெரிவித்து, நியமனம் ஜூன் 1-க்கு முன் வர ஆவன செய்ய வேண்டும். அது தாமதமாகும் பட்சத்தில், இப்போது இருக்கும் தினச்சம்பள டீச்சரையே அடுத்த ஆண்டும் பள்ளி திறக்கும் நாளிலிருந்து வைத்துக்கொள்ள விதிகளுக்கு உட்பட்டு அனுமதி தர வேண்டும். அதற்கான பி.டி.ஏ. நேர்காணலை மே மாதத்திலேயே முடித்துத் தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

அடுத்தது, செயல்பாட்டுத் தாளும் டீச்சர் கையேடும் மலையாளத்தில் அனுப்பும் அதே நாளில் தமிழிலும் வர வேண்டும். மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. மாதப் பெயர், பயிர்ப் பெயர், உறவுப் பெயர் எல்லாம் இங்கே வழங்குகிறபடி இருக்க வேண்டும். சித்தூர் தாலுகாவிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பக்கமும் தமிழ் வழியில் நெடுங்காலம் சொல்லிக் கொடுத்த டீச்சர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை உட்கார வைத்தால் சிறப்பாகச் செய்துவிடுவார்கள். பக்கத்துப் பள்ளி டீச்சர்களைக் கூட்டி நடத்தும் க்ளஸ்டர் பயிற்சியிலும் தமிழ் வழி டீச்சர்களுக்கென்று தமிழில் ஒரு வகுப்பு இருந்தால் நல்லது.

நூலகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழும் இதழ்களும் கதைப் புத்தகங்களும் கொண்ட நூலகம் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. எங்கள் அலமாரியில் தமிழ்க் கதைப் புத்தகம் ஒரு தட்டுக்குக்கூட இல்லை, இருப்பவையும் அட்டை போய்விட்டன. வாசிப்பு நாளில் ஒரே புத்தகத்தை நாலு பிள்ளைகள் மாற்றி மாற்றிப் படித்தார்கள். அடுத்த ஒதுக்கீட்டில் தமிழுக்கு ஒரு பங்கு வைத்து, ஒரு தமிழ் நாளிதழும் வரச் செய்ய வேண்டும். சுவர்ப் பத்திரிகை எழுதும் பிள்ளைக்கு நிஜப் பத்திரிகை எப்படி இருக்கும் என்று பார்க்கக் கிடைக்க வேண்டும்.

எங்கள் தெருவிலிருந்து போன வருடம் மூன்று வீட்டார் பிள்ளைகளை எல்லைக்கு அந்தப் பக்கம் வேனில் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். டீச்சர் இல்லாத பள்ளியில் எப்படி விடுவது என்று கேட்டார்கள். ஜூனில் வகுப்பில் ஆள் நின்றிருந்தால் அவர்களில் இரண்டு வீட்டாராவது போயிருக்க மாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் என்னிடம்தான் வந்து அழுதார்கள்.

இந்த மனுவோடு சம்யுக்த டயரியின் சில பக்கங்களையும், கடைசியாக வந்த சுவர்ப் பத்திரிகையின் நகலையும், மூன்றாம் வகுப்பார் எழுதிய மழைக் கணக்கையும் பெற்றோரின் அனுமதியோடு இணைத்திருக்கிறோம். மழைக் கணக்கு பிப்ரவரி வரை இருக்கிறது, அதற்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக உள்ளன. தாங்கள் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். முன்கூட்டித் தெரிவிக்கத் தேவையில்லை. இம்மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையைத் தமிழில் எங்களுக்குத் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தாய்மார் பி.டி.ஏ. தலைவியும்
தமிழ்ப் பிரிவுப் பெற்றோரும்
(கையொப்பங்களும் கைரேகைகளும் தனித் தாளில்)