அண்ணா, உனக்கு யாரைப் பிடிக்கும்?

அன்புள்ள அண்ணா,

போன சனிக்கிழமை உன் வீட்டில், அண்ணி மோர்மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த கமறலுக்கு நடுவில், நீ போனை என் பக்கம் நீட்டினாய். அடுத்த அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு யார் நின்றால் யாரை எத்தனை சதவீதப் புள்ளியில் ஜெயிப்பார் என்று ஒரு பட்டியல். யார் நிற்கப்போகிறார்கள் என்றே இன்னும் முடிவாகாத தேர்தல் அது! "இவரெல்லாம் ஜெயிக்க மாட்டார், மறந்துடு" என்று என் ஆளை ஒரே விரலால் மேலே தள்ளிவிட்டாய். குழந்தைகள் முன்னால் சண்டை வேண்டாமே என்று அன்று வாயை மூடிக்கொண்டேன். வாட்ஸப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

2008 ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போது ஓட்டே கிடையாது, எச்1பி வேலை விசாவில் இருந்தாய், ஆனால் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரைமரி தேர்தல் பற்றிப் பேசாத நாள் கிடையாது. நடுவில் ஹுசைன் என்று பெயர் வைத்திருக்கிற ஒபாமாவுக்கு நம் வர்ஜீனியாக்காரன் ஓட்டுப் போடுவானா, ஹிலாரிதான் பத்திரம், பெரிய மாநிலமெல்லாம் அவர் பக்கம்தான் என்றாய். பிப்ரவரியில் இதே வர்ஜீனியா பிரைமரியில் ஒபாமா 64 சதவீதம் வாங்கினார். பிரைமரி வேறு, நவம்பர் வேறு என்றாய். நவம்பரிலும் வர்ஜீனியா அவருக்கே போனது; 1964இல் லிண்டன் ஜான்சனுக்குப் பிறகு இங்கே ஜெயித்த முதல் ஜனநாயகக் கட்சிக்காரர் அவர்தான். இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டத்தான்.

ஆனால் 2016இல் நீ பேசியதுதான் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது, ஏனென்றால் அது நல்ல வாதம். அந்த மே மாதம் கருத்துக்கணிப்புகளில் ஹிலாரியின் முன்னிலை கரைந்துகொண்டிருந்தது, பிரைமரியில் அவரோடு மோதிய சாண்டர்ஸோ டிரம்பை ஏறக்குறைய 10 புள்ளியில் முந்திக்கொண்டிருந்தார். நான் அந்த எண்களைத் தூக்கிக்கொண்டு ஆடினேன். நீ அமைதியாக ஒன்றைச் சொன்னாய்: ஹிலாரிமேல் 25 வருஷமாகச் சேறு வீசியாயிற்று, புதிதாக வீச ஒன்றும் இல்லை, சாண்டர்ஸ்மேல் இதுவரை யாரும் கல்லைக்கூட எறியவில்லை, ஒரு மாதம் எதிர் விளம்பரம் ஓடட்டும், அப்புறம் அந்த 10 புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. 1988இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸ் கட்சி மாநாடு முடிந்த கையோடு அப்பா புஷ்ஷைவிட 17 புள்ளி முன்னால் இருந்தார், நவம்பரில் 40 மாநிலங்களில் தோற்றார். 1992 ஜூனில் சுயேச்சையாக நின்ற பெரோ, அதே புஷ் இருவருக்கும் பின்னால் மூன்றாவதாகக் கிடந்த பில் கிளின்டன்தான் அந்த வருஷம் ஜெயித்தார். இந்த மாதிரிக் கணிப்பு அந்த வாரத்தில் மக்களுக்கு என்ன தெரியுமோ அதை அளக்கிறது, அவ்வளவுதான்.

அப்படிப் பேசிய அதே நீ, 2019 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் - சியெனா கணிப்பு வந்ததும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாய். ஆறு இழுபறி மாநிலங்கள், மொத்தம் 3,766 பேர். மிச்சிகனில் பைடனும் டிரம்பும் சமம், பிரைமரியில் பைடனோடு மோதிய எலிசபெத் வாரன் டிரம்புக்கு 6 புள்ளி பின்னால். அன்று மட்டும் அந்தக் கணிப்பின் படத்தை எனக்கு மூன்று தடவை அனுப்பினாய். நானும் யோக்கியம் இல்லை. 2016இல் நெஞ்சில் வைத்துக் கொண்டாடிய அதே மாதிரிக் கணிப்பை அன்று குப்பை என்றேன். பிடித்த எண் வந்தால் அறிவியல், பிடிக்காத எண் வந்தால் ஜோசியம். இரண்டு பேருமே இப்படித்தான் இருந்திருக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போமா? நீதான் டேட்டாவில் சோறு சாப்பிடுகிறவன். ஒரு மாநிலத்துக்குச் சராசரியாக அறுநூறு சொச்சம் பேர். அறுநூறு பேருக்குப் பிழை வரம்பு மேலும் கீழும் 4 புள்ளி. அது ஒருவர் வாங்கும் சதவீதத்துக்கு. இருவருக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த 6 புள்ளி அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதே ஆட்களிடம்தானே பைடனையும் வாரனையும் கேட்டார்கள், ஒப்பிடலாமே என்பாய். ஒப்பிடலாம், அதை ஒத்துக்கொள்கிறேன். அப்படி ஒப்பிட்டவர்கள் இன்னொன்றையும் எழுதியிருந்தார்கள், அதை நீ அனுப்பவில்லை. பைடனுக்குப் போடுவேன், வாரனுக்குப் போடமாட்டேன் என்றவர்களில் 41 சதவீதம் பேர், அதிபர் பதவிக்குப் போட்டியிடும் பெண்களில் பெரும்பாலோர் மனதுக்குப் பிடிக்கிற மாதிரி இல்லை என்ற வாக்கியத்துக்குத் தலையாட்டினார்களாம். ஆக, இவர்கள் தலையாட்டியதைப் பார்த்துவிட்டு என் ஓட்டை நான் மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்குப் பெயர் நடைமுறை புத்தி.

அதே வருஷம் ஜூனில் வேறொரு கணிப்பில் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். இன்று பிரைமரி நடந்தால் யாருக்குப் போடுவீர்கள்? பைடன் முதலிடம். ஒரு மந்திரக்கோல் இருந்து, தேர்தலே இல்லாமல் ஒருவரை அதிபர் ஆக்கலாம் என்றால் யாரை ஆக்குவீர்கள்? வாரன் முதலிடம். எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று யோசித்தே ஓட்டுப் போடுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரரும் நம் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊரில் அப்பா சொல்வாரே, "ஆள் நல்லவர்தான், ஆனா ஜெயிக்க மாட்டார், ஓட்டை எதுக்கு வீணாக்கணும்?" அங்கிருந்து விமானம் ஏறி இவ்வளவு தூரம் வந்தும் அந்த வாக்கியம் நம்மை விடவில்லை.

2020 மார்ச் 3 எனக்கு முதல் பிரைமரி ஓட்டு. பள்ளிக்கூட ஜிம்மில் மேஜை போட்டிருந்தார்கள். சீட்டில் முந்தின நாள் விலகிப்போனவர்கள் பெயர்கூட அப்படியே இருந்தது. வாரன் பெயருக்கு நேராகப் பேனாவை வைத்துவிட்டு, உன் படம் ஞாபகம் வந்து, கையை நகர்த்திப் பைடனுக்கு நேரான வட்டத்தைக் கறுப்பாக்கினேன். இயந்திரம் சீட்டை இழுத்துக்கொண்டது. ஸ்டிக்கரை வாங்கிக்கொண்டு காரில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் கிளப்பவே இல்லை. இரண்டு நாள் கழித்து வாரன் விலகினார்.

பைடன் ஜெயித்தார், "பார்த்தியா" என்றாய். பார்த்தேன். அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து ஏறக்குறைய 43,000 ஓட்டு வித்தியாசம். நீ அனுப்பிய 2019 கணிப்பில் அரிசோனாவில் 5 புள்ளி முன்னால் இருந்தவர் 0.3இல் தப்பித்தார். விஸ்கான்சினில் கடைசி வாரம் வந்த ஒரு கணிப்பு 17 புள்ளி என்றது, கிடைத்தது 0.6. இதே தேர்தலில் வாரன் நின்றிருந்தால் தோற்றிருப்பாரா? தோற்றிருக்கலாம். நடக்காத தேர்தலின் ரிசல்ட் யார் கையிலும் இல்லை, உன் கையிலும்தான்.

2024ஐ எடுத்து வருவாய், தெரியும். கமலா 2019 டிசம்பரில் பிரைமரியை விட்டு விலகியபோதே "நம்ம ஊர்ப் பேத்திக்கெல்லாம் இவங்க போடமாட்டாங்க" என்றாய். ஐந்து வருஷம் கழித்து அவர் தோற்றதும் அதே வரியைத் தேடி எடுத்து ஃபார்வேர்ட் செய்தாய், அந்த ராத்திரி எனக்கு அது தேவையாக இருக்கவில்லை. விலைவாசியில் ஊர் கொதித்த வருஷம், பிரசாரம் தொடங்கி மூன்றரை மாதம்தான் கையில் இருந்தது. அந்தத் தோல்வியில் எவ்வளவு அவர் பெயருக்கு, எவ்வளவு பால், முட்டை விலைக்கு என்று பிரித்துக்காட்ட உன்னால் முடிந்தால் காட்டு. அதோடு, அவருக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றது யார்? 2020இல் நீ ஜெயிக்கிற குதிரை என்ற அதே பைடன். 2024 ஜூலையில் கணிப்புகளைக் காட்டித்தானே அவர் கட்சிக்காரர்களே அவரை விலகச் சொன்னார்கள்? ஜெயிக்கும் ராசி பிறவி மச்சம் மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டு வருவதானால் நாலு வருஷத்தில் எங்கே போனது?

கணிப்பே பார்க்காதே என்று சொல்லவில்லை. நானும் பார்ப்பேன், ராத்திரி இரண்டு மணிக்குக்கூடப் பார்ப்பேன். ஆனால் இதையெல்லாம் எழுதும்போது ஒன்று உறைத்தது. 2008இலிருந்து ஒவ்வொரு பிரைமரிக்கும் ஒஹாயோக்காரன் யாருக்குப் போடுவான், பென்சில்வேனியாக்காரன் யாருக்குப் போடுவான் என்று எனக்கு விளக்கியிருக்கிறாய். உனக்கு யாரைப் பிடிக்கும் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

2020 மார்ச் 3 அன்று நீயும் உன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றாய், அண்ணி போட்டோ அனுப்பினாள். உள்ளே போய் யாருக்குப் போட்டாய்? வாட்ஸப்பில் வேண்டாம், போன் பண்ணிச் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். அண்ணியின் மோர்மிளகாய் டப்பாவும் இங்கேயே வந்துவிட்டது, நீ வந்து வாங்கிக்கொண்டாலும் சரி.

அன்புடன்,
உன் தங்கை