முனை உருண்ட எழுத்தைப் பற்றி நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். இத்தனை மாதங்களாகப் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள்; திட்ட வேண்டியதை நேரில் திட்டு. வாத்தியார் இன்னும் சட்டைப்பையில் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன்தான் திருமண அழைப்பிதழ்களைப் படிக்கிறாரா?

உன் புதிய ஆங்கில நூலின் மாதிரிப் பக்கங்களைப் பார்த்தவுடன் எழுத உட்கார்ந்துவிட்டேன். முனை உருண்ட ஸ்லாப் செரிஃப் எழுத்துருவை, அதாவது கோடுகளின் முனைகளில் தடித்த பட்டைகள் (செரிஃப்) கொண்ட எழுத்துருவை, நீ தேர்ந்தெடுத்தது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. தலைப்புப் பக்கம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அதே எழுத்துருவை 9 புள்ளி என்ற சிறிய எழுத்தளவில் நூல் முழுவதற்கும் ஓடவிட்டிருக்கிறாயே, அதுதான் என்னை உறுத்துகிறது. எப்போதும் உனக்குப் பிடித்துவிட்டால் அளவு கிடையாது!

ஸ்லாப் செரிஃப் உரத்துப் பேசுவதற்கென்றே பிறந்த எழுத்து. 1815-ஆம் ஆண்டை ஒட்டி லண்டனில் அச்செழுத்து வார்ப்பாளர் வின்சென்ட் ஃபிகின்ஸ் தம் எழுத்து மாதிரிப் புத்தகத்தில் அதை வெளியிட்டபோது, செங்குத்துத் தண்டுக்கு நிகரான கனத்தில் அடியிலும் தலையிலும் பட்டைகள் நின்றன. சுவரொட்டியில் தொலைவிலிருந்து தெரிவதற்கு அந்தக் கனம் உதவியது. 1845-இல் வந்த கிளாரண்டன் எழுத்துரு, தண்டும் பட்டையும் சேரும் மூலையை வளைத்து இணைத்து அந்த முரட்டுத்தனத்தைச் சற்றுத் தணித்தது. ஆனால் கோட்டின் முனையே உருண்டுபோன தோற்றத்தை நம் கண்களுக்குப் பழக்கியது தட்டச்சுப்பொறிதான். உலோக எழுத்து மை நாடாவின் மீது மோதித் தாளில் பதியும்போது மை பரவுவதால் கூர்மையான மூலைகள் மழுங்குகின்றன. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால், ஒல்லியான ஆங்கில 'i' தனக்குரிய கட்டத்தை நிரப்ப நீண்ட பட்டைகள் தேவைப்பட்டன. அங்கே பட்டை அலங்காரமாக வரவில்லை. இடைவெளியைச் சமன்செய்யும் வேலையைச் செய்தது.

ஐபிஎம் நிறுவனத்துக்காக ஹோவர்ட் கெட்லர் 1950-களின் நடுவில் வரைந்த கூரியர் என்ற தட்டச்சு எழுத்துரு இந்த மரபின் உச்சம் என்பது என் கருத்து. ஆனால் அதன் வழிவந்த கணினி எழுத்துருவான கூரியர் நியூ திரையிலும் தாளிலும் இரத்தம் வற்றியதுபோல் மெலிந்து கிடக்கிறது. உலோக எழுத்தின் வடிவத்தை அப்படியே கணினிக்குக் கொண்டுவந்தவர்கள், நாடாவும் மையும் சேர்த்துத் தந்த கனத்தைக் கணக்கில் கொள்ளவில்லை. திரைக்கதை எழுதுவோருக்காக 2013-இல் வந்த கூரியர் பிரைம் அந்தக் கனத்தை மீட்டுத் தந்தது. ஜோயல் கேடனும் டோனி ஸ்டேனும் 1974-இல் உருவாக்கிய அமெரிக்கன் டைப்ரைட்டர் வேறு வழியில் சென்றது: உருண்ட முனையை வைத்துக்கொண்டு, ஒரே அகலம் என்ற கட்டாயத்தை விட்டுவிட்டது. வடிவமைப்பாளர் மில்டன் கிளேசர் நியூயார்க்குக்காக வரைந்த சின்னத்தில் சிவப்பு இதயத்தோடு நிற்கும் I, N, Y என்ற மூன்று எழுத்துகளும் அந்த எழுத்துருவே. கூர்முனை எழுத்துகளாக இருந்திருந்தால் அந்த இதயத்தோடு அவை இவ்வளவு இயல்பாக ஒட்டியிருக்காது.

இனி உன் எழுத்துருவுக்கு வருகிறேன். அதை வரைந்தவர், முடித்து வைத்த கூர்மூலை எழுத்தின் எல்லா மூலைகளையும் மென்பொருளில் ஒரே ஆரத்தில் மழுக்கியிருப்பார் என்றே தோன்றுகிறது. நல்ல வடிவமைப்பில் பட்டையும் ஒரு கோடு. அதற்கும் தொடக்கமும் முடிவும் உண்டு. உருண்ட முனை, அதே உயரமுள்ள தட்டையான முனையைவிடக் குட்டையாகத் தெரியும் என்பதால், அதை எழுத்து நிற்கும் வரிக்கோட்டுக்கு வெளியே மயிரிழை அளவு நீட்ட வேண்டும். மெல்லிய எடையில் (எடை என்றால் கோட்டின் தடிமன்) முனை முழு அரைவட்டமாக இருக்கலாம். தடித்த எடையிலும் அப்படியே விட்டால் பட்டைகள் உப்பி, அடுத்த எழுத்தின் பட்டையோடு முட்டிக்கொள்ளும். ஆகவே எடை கூடும்போது ஆரத்தையும் அதே விகிதத்தில் வளரவிடாமல் அடக்க வேண்டும். உன் தடித்த தலைப்பில் 'm' எழுத்தின் கால்களுக்கிடையே வெளிச்சமே இல்லை. மூன்று பட்டைகளும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. அங்கே நடுக்காலின் பட்டையைக் குறைத்தோ நீக்கியோ இருக்க வேண்டும்.

9 புள்ளியில் நடப்பது இதுதான். அந்த அளவில் உருட்சி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓரம் தெளிவற்றது என்ற உணர்வு மட்டும் எஞ்சுகிறது. தாளில் மையும் பரவினால் 'e', 'a' போன்ற எழுத்துகளின் சிறிய உள்வெளிகள் அடைத்துக்கொள்ளும். வாசகருக்குக் காரணம் தெரியாது. சோர்வு மட்டும் தெரியும். நூலை எழுதியவர் இத்தனை உழைத்திருக்கும்போது, இரண்டாவது அத்தியாயத்திலேயே அவரை வாசகர் மூடிவைத்துவிட நாம் காரணமாகலாமா? இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

தலைப்புகள், அத்தியாய எண்கள், படக்குறிப்புகளில் பெரிய ஒரு சொல், அட்டை, முதுகு ஆகியவற்றுக்கு அதையே வைத்துக்கொள். கனிவாகவும் உறுதியாகவும் ஒரே நேரத்தில் பேச வேண்டிய இடங்களில் இதற்கு ஈடில்லை. பத்திகளுக்கு, இதே அகல உயர விகிதமும் கூர்மையான முனைகளும் கொண்ட அமைதியான ஒரு செரிஃபைத் தேடு. இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு அனுப்பு; திரையில் எடுத்த படம் வேண்டாம், தாளிலேயே அனுப்பு. வாத்தியாரிடமும் ஒரு படி கொடு. அவர் கண்ணாடியை எடுக்காமல் படித்தால் அச்சுக்கு அனுப்பிவிடலாம்.

அன்புடன்,
உன் நண்பன்