பல்பைப் பழி சொல்லுமுன்

ஹட்டன்

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் வந்தது. ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீட்டுக்குக் குடிபோய்விட்டீர்கள், மகளும் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்திருக்கிறாள் என்று படித்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே நலம்தான், மழையைத் தவிர வேறு குறையில்லை.

இனி நீ கேட்ட லைட் விஷயம். குளிக்கும் அறையில் பல்ப் நிற்பதில்லை, மழை பெய்தால் இஸ்தோப்பு (முன் வராந்தா) லைட் ட்ரிப் சுவிட்சை விழுத்துகிறது, படுக்கும் காம்பராவில் சுவிட்சை அணைத்த பிறகும் பல்ப் மங்கலாக எரிகிறது என்று எழுதியிருந்தாய். மூன்றிலும் நீ பல்பைத்தான் மாற்றிப் பார்த்திருக்கிறாய். மூன்றிலும் குறை பல்பில் இருக்க வாய்ப்புக் குறைவு. நம் பக்கத்தில் ஈரமும் தளர்ந்த இணைப்பும்தான் பாதி வேலையைக் கெடுக்கின்றன.

முதலில் இஸ்தோப்பு. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கரண்ட் கசியும்போது விழத்தான் வேண்டும், அதைத் திட்டாதே. இரவில் லைட் சூடாகி, அணைத்ததும் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாரல் நேரே படாவிட்டாலும் மூடுபனியே போதும், கூட்டுக்குள் தண்ணீர் தேங்கிவிடும். கண்டுபிடிக்கும் முறை இது: எல்லா பிரேக்கரையும் (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள சின்னச் சுவிட்ச்) இறக்கிவிட்டு ட்ரிப் சுவிட்சை ஏற்று, பிறகு பிரேக்கரை ஒவ்வொன்றாக ஏற்று. எதில் விழுகிறதோ அந்தப் பக்கம் தேடு. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரண பிரேக்கர் பேஸை, அதாவது கரண்ட் வரும் வயரை மட்டும்தான் வெட்டும், அது திரும்பிப் போகும் நியூட்ரல் தொடர்ந்தே இருக்கும். நனைந்த கூட்டில் நியூட்ரல் எர்த்தை (மண்ணோடு சேரும் வயரை) தொட்டால், லைட் அணைந்திருக்கும்போதும் ட்ரிப் விழலாம். சில வேளை குசினியில் கேத்தலைப் போட்டதும் விழும், பழி கேத்தல் மேல் போகும். ஆகவே மெயினை அணைத்துவிட்டு, அந்த லைட்டின் பேஸ், நியூட்ரல் இரண்டையுமே கழற்றித் தனித்தனியாக இன்சுலேஷன் சுற்றிவிட்டுப் பார். ட்ரிப் நின்றால் குற்றவாளி அதுதான்.

மாற்றிப் போடும்போது ஐபி65 (தூசும் தண்ணீரும் புகாத தரத்தின் குறி) என்று எழுதிய லைட்டை வாங்கு. வயரைக் கீழ்ப்பக்கமாக கிளாண்ட் (வயரை இறுக்கி ஈரத்தை அடைக்கும் திருகு மூடி) வழியே நுழை. நுழையும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வயர் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும், வயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். சுவரோடு சேரும் விளிம்பில் மேற்பக்கமும் இரு ஓரமும் சிலிக்கன் பூசு, கீழ் விளிம்பை மட்டும் விட்டுவிடு. நாலு பக்கமும் அடைத்தால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியிருக்காது. பல்ப் நிறம் 3000 கெல்வின் அளவு மஞ்சள் வெளிச்சமாக இருக்கட்டும், பூச்சி குறைவாக வரும். தகரக் கூரையை ஒட்டி வயர் போகிறதென்றால் அதைக் கட்டாயம் குழாய்க்குள் விடு. தகர விளிம்பு வயரின் உறையை அறுத்தால் கூரை முழுக்கக் கரண்ட் ஏறிவிடும்.

குளிக்கும் அறையில் நீ போட்டிருப்பது மூடிய கண்ணாடிக் குடம் என்று நினைக்கிறேன். எல்இடி பல்பில் முதலில் சாவது பெரும்பாலும் அதன் அடியில் கரண்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட், அதிலும் அதன் கண்டென்சர் (மின்தேக்கி). சூடு வெளியேறாவிட்டால் சீக்கிரம் போய்விடும். ஐபி44க்குக் குறையாத, எல்இடி உள்ளேயே பொருத்திய லைட் போடு, அல்லது மூடிய கூட்டுக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருக்கும் பல்பை வாங்கு. சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கட்டும். பழைய ஹோல்டரையும் பார்த்துவிடு. மெயினை அணைத்துவிட்டு உள்ளே இருக்கும் இரண்டு பின்னையும் அழுத்திப் பார். ஸ்பிரிங் திரும்பித் தள்ளாவிட்டாலோ, பின் கறுத்திருந்தாலோ ஹோல்டரையே மாற்று. சுரண்டித் துடைத்தால் கொஞ்ச நாள் எரியும், பிறகு திரும்பவும் பொறி பறக்கும். திருகுப் பல்ப் ஹோல்டர் என்றால் பேஸ் நடுப் புள்ளிக்குத்தான் போக வேண்டும், திருகுக்கு நியூட்ரல்.

காம்பரா பல்ப் அணைத்தும் மங்கலாக எரிவதுதான் எனக்குக் கவலை. சுவிட்ச் பேஸுக்குப் பதிலாக நியூட்ரலை வெட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும், பல்ப் கழற்றப் போகிறவருக்கு அடிக்கும். டெஸ்டர் ஸ்குரூடிரைவர் பக்கத்து வயரிலிருந்து வரும் தூண்டல் கரண்டுக்கும் எரியும், அதை மட்டும் நம்பாதே. சுவிட்சை அணைத்துவிட்டு, ஹோல்டரின் ஒவ்வொரு புள்ளிக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மெயின் போட்ட நிலையில் செய்யும் வேலை இது, வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடு. வயரிங் சரியென்றால் சுவிட்சில் சின்ன நியான் விளக்கு இருக்கிறதா பார். அதன் வழியே போகும் துளிக் கரண்டே எல்இடிக்குப் போதும். நியான் இல்லாத சுவிட்ச் போட்டால் தீரும். படிக்கட்டு லைட் போல நீண்ட இரட்டைச் சுவிட்ச் வயரால் வருவதென்றால், லைட்டுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபரட், 275 வோல்ட் எக்ஸ்2 வகை (மெயின் கரண்டில் நேரே போடத் தகுந்த) கண்டென்சர் ஒன்று போடலாம். ரேடியோக்காரர் தரும் சாதாரணக் கண்டென்சர் இதற்கு ஆகாது.

குசினிக்கு 4 அடி எல்இடி டியூப் நல்லது. பழைய பிரேமிலேயே போடுவதானால் டியூபோடு வரும் படத்தைப் பார்க்காமல் கை வைக்காதே. ஒரு வகைக்கு இரண்டு வயரும் ஒரே முனையில், மற்றதற்கு ஒவ்வொரு முனையில் ஒன்று. பழைய ஸ்டாட்டரைக் கழற்றியே ஆக வேண்டும். விறகடுப்புப் புகைக்கரி படிந்தால் வெளிச்சம் குறையும், மெயினை அணைத்து, ஆறிய பிறகு சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து நன்றாகக் காயவிடு. மகள் படிக்கும் மேசைக்கு வாட்டைப் பார்த்து வாங்காதே, வெளிச்சத்தின் அளவான லூமனைப் பார். 9 வாட் எல்இடியில் சுமார் 800 லூமன் கிடைக்கும், பழைய 60 வாட் குண்டு பல்புக்குச் சமம். எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழட்டும்.

ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வை. ஒரு லைட் மட்டும் நடுங்கினால் ஹோல்டர், சுவிட்ச், வயர் முறுக்கு என்று தேடலாம். வீட்டு லைட்டெல்லாம் திடீரென்று வழக்கத்தை மீறிப் பளிச்சென்று எரிந்தாலோ, மங்கிப் பிரகாசித்து மாறி மாறி வந்தாலோ, கம்பத்துப் பக்கம் நியூட்ரல் வயர் இணைப்பு விட்டுப் போயிருக்கலாம். உடனே மெயினை அணைத்துவிட்டு மின்சார சபைக்குச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்ச் இதைத் தடுக்காது. சித்திரை, ஐப்பசி மின்னலையும் தடுக்காது, அதற்கு மின்னல் அதிர்வைத் தாங்கும் சேர்ஜ் அரெஸ்டரும் ஒழுங்கான எர்த்தும் வேண்டும். ஆனாலும் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்.

டியூப் பெட்டியில் இருக்கும் வயரிங் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, எந்த வகையென்று பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்