தேரி குடித்த மழை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து பேரனைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் அளவுக்குத் தேறிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகளுக்குத் தென்காசிக்கு மாற்றல் ஆகியிருக்கிறது.

அடுத்த மாதம் ஆன்லைனில் தமிழ் வகுப்பு எடுக்கப்போகிறாய், பிள்ளைகளைப் பேசவைக்க வழி கேட்டிருந்தாய். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வகுப்புக்கென்று ஒரு வலைப்பூ (பிளாக்) தொடங்கு. அவர்களையே அதில் எழுதவை.

ஊரடங்கில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். அறுபது பேரில் இருபது பேர் வந்தால் பெரிது. பாடம் சூடுபிடிக்கும்போது ஜூமின் 40 நிமிடம் முடிந்துவிடும். 2021 ஜனவரியிலிருந்து கல்லூரி மாணவர்களுக்கு அரசு தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. ஆனாலும் சில ஊர்களில் மொட்டைமாடி ஏறினால்தான் டவர் கிடைக்கும். வீடியோ திக்கித் திக்கி ஓடுகிற இடத்திலும் நாலு பத்தி எழுத்து போய்ச் சேர்ந்துவிடும். அதற்காகத்தான் பிளாகரில் ஆரம்பித்தேன். காசு கிடையாது, ஒரே வலைப்பூவில் 100 பேர் வரை எழுதலாம்.

குறுந்தொகை 40ஆம் பாட்டு நடத்திய வாரம் அது. செம்மண்ணில் பெய்த மழைபோல இரண்டு நெஞ்சமும் கலந்ததை வழக்கம்போல விளக்கிவிட்டு, "உங்கள் ஊர் மண்ணில் மழை பெய்தால் என்ன ஆகிறது? பார்த்து எழுதுங்கள்" என்று வலைப்பூவில் கேட்டேன். அங்கே திசையன்விளைப் பக்கம் செம்மணல் மேட்டைத் தேரி என்பார்கள். வகுப்பில் ஒருநாளும் வாய் திறக்காத அந்தப் பக்கத்து மாணவி எழுதினாள்: "ஐயா, எங்க தேரியும் செவப்புதான். ஆனா தண்ணி கலங்கி ஓடாது. பெய்யப் பெய்ய மண்ணு குடிச்சிரும்." கோவில்பட்டிப் பையன் கரிசல் காலில் அப்புவதை எழுதினான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன் செவல்காட்டில் ஓடிய தண்ணீரை டம்ளரில் பிடித்து, மறுநாள் படம் எடுத்துப் போட்டிருந்தான். மண் அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. "அப்போ பிரிஞ்சிருதே ஐயா?"

எனக்குப் பதில் தோன்றவில்லை. இத்தனை வருடம் அந்தப் பாட்டை நடத்தியும் இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. இரவு பதினொரு மணிக்கு அந்தப் பெண் அவனுக்குப் பதில் எழுதினாள்: "டம்ளர்ல வச்சா தெளியத்தான் செய்யும். தேரி குடிச்ச தண்ணிய யாரு பிரிக்க?" நான்கு நாள் ஓடியது பேச்சு. பரீட்சைத் தாளில் இது வராது நண்பா. அதை நான் ஒருவன்தான் படிப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். இங்கே கூடப் படிக்கிறவர்கள் படிக்கிறார்கள். யோசிக்கவும் நேரம் இருக்கிறது.

பாதிப் பேர் போனில் பேசியே எழுத்தாக்குகிறார்கள், பேச்சுத்தமிழ் அப்படியே வரும். வரட்டும். ஒரு பையனின் பதிவுக்குக் கீழேயே, எல்லோரும் பார்க்க, ஒற்றுப்பிழைகளை வரிசையாகக் காட்டினேன். செமஸ்டர் முடியும்வரை அவன் ஒரு வரிகூட எழுதவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது. இப்போது பிழைகளைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொல்கிறேன். வலைப்பூவையும் வகுப்பில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி பூட்டிவை. வீட்டுக் கதையெல்லாம் எழுதுவார்கள், வெளியாள் கண்ணில் படக்கூடாது.

உன் வகுப்புப் பிள்ளைகள் துபாயிலும் மஸ்கட்டிலும் இருப்பவர்கள் என்றாய். அவர்களிடம் மழையைக் கேட்காதே. ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது என்று கேள். முதல் பதிவை மட்டும் நீ எழுது, நம் விடுதிக் கிணற்றைப் பற்றி எழுதினாலும் சரி. எழுதியதும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்