கோரிக்கை மனு: அஞ்சாம் மைல் பனிக்கால நெரிசலில் ஆஸ்பத்திரி வண்டிகளுக்கு வழி ஏற்படுத்தித் தரக் கோருதல்

அனுப்புநர்:
எட்டாம் மைல், வாகுவாரை, சட்டமூணாறு, தலையாறு பகுதிகளில் வசிக்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சார்பாக,
வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கொழுந்தெடுக்கும் தொழிலாளி ஒருத்தி,
தேவிகுளம் தாலுகா, இடுக்கி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வனத்துறை அதிகாரி அவர்கள்.

பொருள்: இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு வரும் வாகனங்களால் மூணாறு – மறையூர் ரோட்டில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஏற்படும் அடைப்பு – நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மூணாறு போய்ச் சேர வழி கேட்டு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பூங்காவில் ஜனங்கள் பார்க்கப் போகிற ராஜமலையின் அடிவாரமான அஞ்சாம் மைலில் ஒவ்வொரு பனிக்காலமும் ரோடு அடைபடுவதைப் பற்றி நாங்கள் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் மனு கொடுத்தோம். பெற்றுக்கொண்டதற்கான ரசீதுகள் எங்களிடம் இருக்கின்றன. பதில் வரவில்லை. யாரும் வந்து பார்க்கவும் இல்லை. இந்த வருடமும் கிறிஸ்துமஸ் லீவு தொடங்கிய நாளிலிருந்து அதே நிலைதான் என்பதால் மறுபடியும் எழுதுகிறோம்.

எங்கள் தாலுகாவில் தமிழ் பேசுகிறவர்கள் தமிழிலேயே மனு கொடுக்கச் சட்டத்தில் இடம் இருப்பதால் இதைத் தமிழில் எழுதியிருக்கிறோம். முந்தின மனுக்கள் மொழி காரணமாக எந்த மேசையிலாவது தங்கிவிட்டிருந்தால், இதையாவது மொழிபெயர்க்கச் சொல்லிப் படித்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

தங்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. பெரியவாரைப் பாலம் தாண்டி, கன்னிமலை வளைவுகள் ஏறி, நயமக்காட்டுத் தேயிலைக்கு நடுவில் ரோடு எவ்வளவு ஒடுங்கிப் போகிறது என்று தாங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் சரிவு. அஞ்சாம் மைலில் பூங்கா வாசல். மறையூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் எஸ்டேட்டுகளிலிருந்து மூணாறு ஆஸ்பத்திரிக்குப் போக இந்த ஒரு ரோடுதான் உண்டு. ஆகவே எங்கள் குறைகளைக் கீழே வரிசையாகத் தெரிவிக்கிறோம்.

1. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பூங்கா மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. 1975-இல் சரணாலயமாகி 1978-இல் தேசியப் பூங்காவான அந்த 97 சதுர கிலோமீட்டர் புல்மலையைக் காப்பாற்றியதால்தான் வரையாடு இன்றைக்கும் கூட்டம் கூட்டமாக ராஜமலையில் மேய்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சுற்றுலாவுக்கு ஜீப் ஓட்டிப் பிழைக்கிறார்கள். வருகிற ஜனங்களைத் தடுக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

2. பனிக்காலத்தில் மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்றால், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறது. டிசம்பர் பாதிக்கு மேல் கன்னிமலை, செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கங்களில் உறைபனி விழுகிறது. விடியற்காலையில் புல் வெளுத்துக் கிடப்பதைப் படம் எடுக்க வெளிச்சம் வருவதற்கு முன்பே கார்கள் வந்து ரோட்டோரம் நின்றுவிடுகின்றன. அதே கார்கள் அப்படியே அஞ்சாம் மைலுக்கு வந்து ராஜமலைக்கு மேலே கொண்டுபோகிற பூங்கா பஸ்ஸுக்குக் காத்திருக்கின்றன. பள்ளி லீவு, புது வருடம், பொங்கல் என்று அடுத்தடுத்து கூட்டம். உடுமலைப்பேட்டை வழியாக வரும் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் இதே ரோட்டில்தான். பூங்காவில் ஆன்லைனில் நேரம் குறித்துச் சீட்டு வாங்க வழி இருக்கிறது. ஆனால் சீட்டு இல்லாதவர்களும், நேரம் ஆகாதவர்களும் வாசலுக்கே வந்து காரை நிறுத்துகிறார்கள். நிறுத்த இடம் போதாது. அப்புறம் ரோட்டின் இரண்டு பக்கமும் கார். நடுவில் மிஞ்சுவது ஒரு வண்டி போகிற இடம். அதில் எதிரும் புதிருமாக டூரிஸ்ட் பஸ்.

3. இதில் எங்களுக்கு வருகிற கஷ்டங்கள் பல. மூணாறு போய் அரிசி பருப்பு வாங்கி வருகிறவர்கள் இருட்டின பிறகு வீடு சேர்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸிலேயே தூங்கிவிடுகிறார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறோம். பொறுக்க முடியாதது ஆஸ்பத்திரிப் பயணம்.

போன டிசம்பரில் என் மருமகளுக்கு வலி கண்டது. ராத்திரி இரண்டு மணி இருக்கும். அந்த நேரத்தில் ஏன் கிளம்பவில்லை என்று கேட்கலாம். தங்களுக்கே தெரியும், ராத்திரியில் எட்டாம் மைலுக்கும் நயமக்காட்டுக்கும் நடுவில் காட்டுயானை ரோட்டில் நிற்கும். ஊரெல்லாம் அறிந்த அந்தப் பெரிய கொம்பன் வந்தால் நகர மணிக்கணக்கு ஆகும். ஜீப் டிரைவர் பையன் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. "அம்மா, வெளிச்சம் வரட்டும், வழியில் யானை நின்றால் திருப்பக்கூட முடியாது" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். விடிந்ததும் கிளம்பினோம்.

மறையூருக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்றும் கேட்கலாம். முதல் பிரசவம் அவளுக்கு ஆபரேஷன். இரண்டாவதும் ஆபரேஷனாகத்தான் இருக்கும், தாமதிக்காமல் வந்துவிடு என்று மூணாறு டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கார்டு, ஸ்கேன், ரத்தம் கொடுக்கிற ஆள் எல்லாம் அங்கே ஏற்பாடு. நாங்கள் மூணாறு பக்கம்தான் போயாக வேண்டும்.

லக்கம் நீர்வீழ்ச்சி தாண்டும் வரை ஒன்றும் இல்லை. எட்டாம் மைல் தாண்டியதும் முன்னால் கார் வரிசை. அசையவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான். முன்னால் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கி, நாங்களும்தான் நிற்கிறோம் என்றார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை, அவர்களுக்கு முன்னாலும் கார். என் மகன் இறங்கி ஓடினான். ஒவ்வொரு காராகத் தட்டி, பிரசவ வண்டி, கொஞ்சம் ஒதுக்குங்கள் என்று கெஞ்சிக்கொண்டே போனான். பல கார்களில் ஆளே இல்லை ஐயா. பூட்டிவிட்டுப் பூங்கா பஸ்ஸில் ஏறி ராஜமலைக்குப் போய்விட்டார்கள். ஆளில்லாத காரை யாரிடம் சொல்லி எடுப்பது?

ஜீப்புக்கு இரண்டு பக்கமும் மறைப்பு வெறும் படுதாதான். உறைபனி விழுந்த காலை. கம்பளி இரண்டைப் போர்த்தியும் அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. வலி வரும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள், விட்டதும் "அத்தை, இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்பாள். தூரம் என்னவோ கொஞ்சம்தான். வளைவு திரும்பினால் பூங்கா வாசல் தெரியும். 108-க்குப் போன் போட்டோம். ஆம்புலன்ஸ் மூணாறிலிருந்து கிளம்பி, கன்னிமலைப் பக்க வரிசையில் அதுவும் மாட்டிக்கொண்டது. நாங்கள் இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம். நடுவில் முழுக்கக் கார். அந்த இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். கடைசியில் என் மகனும் டிரைவரும் தெரியாத சில பிள்ளைகளும் சேர்ந்து அவளைப் போர்வையில் தூக்கி, கார்களுக்கு நடுவே நடந்து, வாசலைத் தாண்டி அந்தப் பக்கம் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். தையல் போட்ட வயிறு. அவர்கள் கால் வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பிள்ளை பிழைத்தது. தாயும் பிழைத்தாள். ஆனால் பிள்ளைக்கு மூச்சுத் திணறி, கண்ணாடிப் பெட்டியில் பல நாள் வைத்திருந்தார்கள். நேரத்துக்கு வந்திருந்தால் இது தேவைப்பட்டிருக்காது என்று டாக்டர் சொன்னார். இந்த டிசம்பரில் இன்னொரு வீட்டில், இன்னொரு பெண். அவளும் அதே வளைவில் நின்றாள். மூச்சிழுப்பு நோய்க்காரர்கள் பனிக்காலத்தில் எத்தனை பேர் என்று எங்கள் லயங்களில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், வந்து கேட்டுப் பாருங்கள். தேயிலைத் தூசியில் வேலை செய்த நெஞ்சு, இந்தக் குளிரில்தான் அதிகம் இழுக்கும். கூட்டம் வருகிற மாதமும் நோய் முற்றுகிற மாதமும் ஒன்றாக இருப்பது எங்கள் தலைவிதியா ஐயா?

4. இதை எழுத மனம் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறோம். ஒவ்வொரு வருடமும் வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ராஜமலை வாசலைச் சாத்தி யாரையும் உள்ளே விடுவதில்லை. நல்ல ஏற்பாடு. ஜனவரியிலேயே குட்டி கண்ணில் பட்டால் முன்கூட்டியே சாத்தச் சொல்லி உத்தரவு வருவதும் உண்டு. வாயில்லா ஜீவனுக்கு அந்த அமைதி வேண்டும்தான். அந்த மலையின் அடிவாரத்தில் எங்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளை பெறுகிறார்கள். அவர்களுக்காக வாசலைச் சாத்தச் சொல்லவில்லை. ரோட்டில் ஒரு வண்டி போகிற இடத்தை மட்டும் விடச் சொல்கிறோம். அதற்கு இத்தனை மனுவா?

5. இடமலைக்குடி முத்துவர் மக்களுக்கும் இதே வழிதான் என்பதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து என்று 2010-இல் அறிவித்தார்கள். அங்கே உள்குடிகளிலிருந்து நோயாளியைக் கட்டிச் சுமந்து வந்து, ஜீப் ஏற்றி, பெட்டிமுடி, ராஜமலை வழியாகப் பூங்காவுக்குள்ளேயே இறங்கி அஞ்சாம் மைலுக்கு வருகிறார்கள். அவ்வளவு பாடுபட்டு வந்த பிறகு வாசலில் கார் கூட்டம். பெட்டிமுடி என்று எழுதும்போதே கை நிற்கிறது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி அங்கே மண் சரிந்து 70 உயிர் போனது. பெரியவாரைத் தற்காலிகப் பாலம் உடைந்ததால் மீட்பு வண்டிகள் போய்ச் சேர என்ன பாடுபட்டன என்பதை ஊரே பார்த்தது. இந்த ரோடு அடைபட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கு அடைத்தது மழை. இப்போது அடைப்பதை மனிதர்களால் தடுக்க முடியும்.

6. ஆள் போதாது என்ற பதில் வரலாம். ஜனவரியில் காட்டுக் காவல் வாச்சர்களுக்குத் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிற வேலையும் சேர்ந்துகொள்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். சரி, அப்படியானால் எங்கள் பிள்ளைகளை இந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் தினக்கூலிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கூலி கொடுக்க முடியாவிட்டால் கூலி இல்லாமலும் நிற்கிறோம். சட்டைக்கு ஒரு அடையாளம், கைக்கு ஒரு விசில், காரை ஒதுக்கச் சொல்ல ஒரு அதிகாரம், இவ்வளவு போதும்.

7. ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தரும்படி மன்றாடிக் கேட்கிறோம்.

டிசம்பர் நடுவிலிருந்து பூங்கா சாத்துகிற நாள் வரை, பார்வையாளர்களின் கார்களை மூணாறிலேயே நிறுத்தச் செய்து, அங்கிருந்து பஸ்ஸில் அழைத்து வர வேண்டும். அந்த நாளின் சீட்டு தீர்ந்துவிட்டால், அதை மூணாறு டவுனிலேயே போர்டு வைத்துச் சொல்ல வேண்டும். அஞ்சாம் மைல் வரை வரவிட்டு, வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவதால்தான் பாதி நெரிசல்.

அது உடனே முடியாதென்றால், ரோட்டின் ஒரு பக்கத்திலாவது கார் நிறுத்தக் கூடாது என்று கயிறு கட்ட வேண்டும்.

கன்னிமலையிலும் எட்டாம் மைலிலும் வயர்லெஸ் வைத்து ஒவ்வொரு ஆள் வேண்டும். ஆஸ்பத்திரி வண்டி வருகிறது என்று இந்தப் பக்கம் சொன்னால் அந்தப் பக்கம் வண்டிகளை நிறுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் என்று எழுதிய வண்டிக்கு மட்டும் இல்லை ஐயா. எங்கள் ஆஸ்பத்திரி வண்டி பெரும்பாலும் படுதா போட்ட ஜீப்தான். அதையும் ஆஸ்பத்திரி வண்டியாக ஏற்க வேண்டும்.

பூட்டிவிட்டுப் போகிற காரை இழுத்து ஓரத்தில் போட ஒரு வண்டி வாசலிலேயே நிற்க வேண்டும். இதை மட்டும் செய்தால்கூடப் போன வருடம் என் மருமகளைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்திருக்க வேண்டாம்.

8. இன்னும் ஒன்று. பிப்ரவரி வந்து வாசல் சாத்தியதும் ரோடு தானாகவே காலியாகிவிடும். அப்போது வந்து பார்க்கிறவர்களுக்கு, இங்கே என்ன பிரச்சினை, ஒன்றுமில்லையே என்று தோன்றும். போன வருட மனுவுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறோம். ஏப்ரலில் திறக்கிறார்கள், ஜூனில் மழை, அப்புறம் ஓணம், அப்புறம் மறுபடியும் டிசம்பர். ஒவ்வொரு வருடமும் இப்படியே காகிதம் மாறுகிறது, ரோடு மாறவில்லை. எங்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரும் சீட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு கயிறும் இரண்டு வயர்லெஸ்ஸும் வாங்க முடியாதா? தயவுசெய்து சாத்துவதற்கு முன்னால், கூட்டம் இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சைரன் இல்லாத சாதாரண ஜீப்பில் வாகுவாரையிலிருந்து மூணாறு வரை ஒருமுறை எங்களோடு வந்து பாருங்கள். வேறு விசாரணை எதுவும் வேண்டாம்.

வார்த்தை எங்காவது தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஜனவரியில் எங்கள் பக்கத்து லயங்களில் பிரசவத்துக்கு நாள் குறித்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வலி வருகிற நாளில் ரோட்டில் வழி இருக்க வேண்டும். ஐயா அவர்கள் மனது வைத்து, இந்தப் பருவம் முடிவதற்குள்ளேயே ஏற்பாடு செய்து தரும்படியும், செய்ய முடியாதென்றால் அதையாவது எழுத்தில் தெரிவிக்கும்படியும் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் தனித் தாளில்)

இணைப்பு: முந்தின மனுக்களின் நகல், பெற்றுக்கொண்ட ரசீதுகளின் நகல், எட்டாம் மைல் வளைவில் போனில் எடுத்த படங்கள்.