ஸ்டேஷன் கையெழுத்தை ஆஸ்பத்திரிக்கு மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானலில் கஞ்சா வழக்கில் சிக்குகிற இளவட்டப் பையன்களுக்கென்று தனியாக ஒரு நீதிமன்ற அமர்வு வேண்டும். அதற்கு ஆகிற செலவை, மலைக்கு வரும் வண்டிகளிடம் நகராட்சி வசூலிக்கும் நுழைவுக் கட்டணத்திலிருந்து ஒதுக்க வேண்டும். இதுதான் என் கோரிக்கை. இடம் இல்லை என்று கடிதத்தைப் பாதியில் வெட்டினாலும் இது தப்பிவிட வேண்டும் என்றுதான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். ஜாமீன் பேப்பர் நகலெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்தான். பையனுடைய ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் மஞ்சப்பையில் இருக்கும், ஆனால் ஜாமீன்தாரரின் வீட்டு வரி ரசீது என்று வரும்போதுதான் இடிக்கும். காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிற சொந்தக்காரருக்கு ரசீது ஏது, பட்டா ஏது? ரசீது உள்ள ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் பையன் உள்ளே கூடுதலாகச் சில நாள் இருந்துவிடுகிறான், அங்கே யாரோடு இருக்கிறான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பொட்டலம் வாங்கி இழுத்தவன், பொட்டலம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு வெளியே வருகிறான்.

வெளியே வந்ததும் கண்டிஷன். தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. பூண்டுக் காட்டு வேலைக்கோ லாட்ஜில் ரூம் பாயாகவோ போகிறவன் பத்தரைக்கு ஸ்டேஷனில் நின்றால் எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? கையெழுத்துப் போடுகிற இடத்தில் "நேத்து அடிச்சியாடா, தூக்கம் வருதா, வேலைக்குப் போறியா" என்று கேட்க ஆளில்லை. போலீஸ்காரரைக் குறை சொல்லவில்லை, அது அவர் வேலையும் இல்லை. ஆனால் தினமும் ஒரு பையனை ஓரிடத்துக்கு வரவழைக்கிற அதிகாரம் நம் கையில் இருக்கும்போது அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவதற்கு மட்டும் பயன்படுத்துகிறோமே என்பதுதான் என் ஆதங்கம். அந்தக் கையெழுத்தையே அரசு மருத்துவமனையில், வேலை முடிந்து சாயங்காலம், ஒரு கவுன்சிலர் (வார்டு கவுன்சிலர் இல்லை, பழக்கத்திலிருந்து மீள ஆலோசனை சொல்கிறவர்) முன்னால் போடச் சொன்னால் என்ன?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் மயாமி நகரில் 1989-லேயே போதை வழக்குகளுக்கென்று இப்படி ஒரு நீதிமன்றம் தொடங்கினார்கள், இன்று அந்த நாட்டில் அப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. போதைக்கு அடிமையானவனை ஜெயிலுக்கு அனுப்புவதற்குப் பதில் சிகிச்சையில் சேர்ப்பார்கள். ஆனால் விட்டுவிட மாட்டார்கள், ஒரே நீதிபதி வாரத்துக்கொரு முறையோ இரண்டு வாரத்துக்கொரு முறையோ அவனை நேரில் கூப்பிட்டு என்ன ஆச்சு என்று கேட்பார். சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. ஒழுங்காக வந்தால் கெடுபிடி குறையும், ஏமாற்றினால் சில நாள் உள்ளே. ஒரு வருடம், ஒன்றரை வருடம் இப்படித் தாக்குப்பிடித்து முடித்தால் பல இடங்களில் வழக்கே தள்ளுபடி. இதைச் சலுகை என்கிறவர்கள் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும். இதற்கு ஜெயிலே தேவலை என்று போகிறவர்களும் உண்டு.

பலன் உண்டா? உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டு ஆய்வொன்று, திரும்பத் தப்பு செய்கிறவர்கள் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இந்த நீதிமன்றத்துக்கு வந்த பெரியவர்களில் அது 38 சதவீதமாகக் குறைகிறது என்கிறது. சிறுவர்களில் 43.5 வரைதான் இறங்கியது. நமக்குச் சாதகமில்லாத எண்தான், அதை மறைத்துவிட்டுப் பணம் கேட்பது சரியில்லை. என் அனுபவத்தில் தோன்றுவது, பள்ளிக்கூடப் பையன்களை அப்பா அம்மா இல்லாமல் தனியாக நிறுத்திவைத்து ஒன்றும் ஆகாது. அப்புறம், யாரோ கொடுத்து ஒருமுறை இழுத்தவனையும் தினமும் இழுக்கிறவனையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தால் இவன் அவனிடம் கற்றுக்கொண்டு போவான். அதனால் இங்கே தொடங்கும்போது 18-லிருந்து 23, 24 வயது வரை, உண்மையிலேயே பழக்கத்தில் விழுந்தவர்களுக்கு மட்டும் என்று தொடங்கலாம். பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களைச் சிகிச்சைக்கு அனுப்ப 2015 சிறார் நீதிச் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டப்படி சிறார் வழக்குகளை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமம் இருப்பது திண்டுக்கல்லில். மன்னவனூர்க்காரர் பையனைக் கூட்டிக்கொண்டு முதலில் கொடைக்கானல் வர வேண்டும், பிறகு நூறு கிலோமீட்டர் பக்கம் கீழே போக வேண்டும், வாய்தா என்று சொல்லிவிட்டால் ராத்திரி வீடு சேர வேண்டும். மாதம் ஒருமுறையாவது குழுமம் மேலே வந்து உட்காரட்டுமே.

புதுச் சட்டம் வேண்டியதில்லை. 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவைப் பாருங்கள். சொந்தப் பயன்பாடு, சிறிய அளவு போன்ற குற்றங்களில் தண்டனை பெற்றவர் போதைக்கு அடிமையாக இருந்தால், அவர் சம்மதத்தோடு நன்னடத்தைப் பத்திரம் வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு விடலாம், ஒரு வருடத்துக்குள் சிகிச்சை அறிக்கையோடு வரச் சொல்லலாம். 64ஏ பிரிவோ, தானாக முன்வந்து சிகிச்சை எடுக்கிறவருக்கு வழக்கிலிருந்தே விலக்கு தருகிறது, பாதியில் விட்டால் விலக்கு போய்விடும். கஞ்சாவில் சிறிய அளவு என்பது ஒரு கிலோ வரை. அதற்கு மேல் மூட்டை கட்டுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அவர்களுக்குப் பத்து, இருபது வருடம் என்று சட்டம் வைத்திருப்பது அப்படியே இருக்கட்டும். சட்டத்தில் கதவு திறந்துதான் இருக்கிறது, அனுப்புவதற்கு மலையில் இடமும் ஆளும்தான் இல்லை.

ஒரு கவுன்சிலர், வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஒரு சமூகப் பணியாளர், வாரம் ஒருநாள் மனநல மருத்துவர், பரிசோதனை கிட், தூரத்துக் கிராமத்துப் பையன்களுக்கும் கூட வருகிறவர்களுக்கும் பஸ் காசு. தொடங்குவதற்கு இவ்வளவு போதும், கட்டடம் கட்டி ரிப்பன் வெட்ட வேண்டாம். கிட் விஷயத்தில் மட்டும் யாராவது டாக்டர் நீதிபதிக்கு விளக்கிவிட வேண்டும். தினமும் கஞ்சா அடித்தவனுக்கு நிறுத்திய பிறகும் சில வாரம் சிறுநீரில் காட்டும், ஆகவே முதல் மாதம் பாசிட்டிவ் வந்தால் பையன் பொய் சொல்கிறான் என்று அர்த்தமில்லை. இப்போது பரவுகிற வலி மாத்திரையோ சாதாரண கிட்டில் தெரியாமலே போகலாம்.

சரி, பணம். மயாமியில் தொடங்கிய அதே 1989-இல்தான் நம் போதைப்பொருள் சட்டத்திலும் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து தேசிய நிதி ஒன்று வைத்தார்கள். பறிமுதல் சொத்தை விற்ற பணம் அதில் சேரும், சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் செலவழிக்கலாம். அது டெல்லியிலிருந்து பெருமாள்மலை ஏறி வருவதற்குள் இந்தப் பையன்களுக்குக் கல்யாணமாகிவிடும். டாஸ்மாக் வருமானம் ஆண்டுக்கு 45,000 கோடிக்கு மேல், அதில் கேட்கலாம்தான், கேட்டுக்கொண்டே இருப்போம். கையில் இருப்பது வெள்ளி நீர்வீழ்ச்சி டோல்கேட். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு இருக்கிறது, எத்தனை வண்டி ஏறுகிறது என்று கணக்கு சுத்தமாகத் தெரியும். வருகிறவர்கள் எல்லோரையும் சொல்லவில்லை, குடும்பத்தோடு வந்து ஏரியில் படகு விட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் காரை ஓரங்கட்டி "தம்பி, காளான் கிடைக்குமா" என்று போதைக் காளான் கேட்கிறவர்கள் வட்டக்கானல் பக்கம் எங்கள் பையன்களிடம்தான் கேட்கிறார்கள். வாங்கிக்கொடுத்தால் ஒருநாள் கூலியைவிட அதிகம் கையில் வரும். பிடிபட்டால் கேட்டவர் ஞாயிற்றுக்கிழமையே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார், இவன் பெயர்தான் எஃப்.ஐ.ஆரில் இருக்கும். அந்த வண்டிகள் கட்டுகிற காசில் ஒரு பங்கு இவர்களுக்குப் போவதில் என்ன தப்பு?

நகராட்சிப் பணத்தை இதற்குச் செலவழிக்க விதியில்லை என்று அதிகாரி யாராவது சொல்லலாம். நீதிமன்றத்துக்குச் சம்பளம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, பொதுச் சுகாதாரத் தலைப்பில் ஒரு கவுன்சிலரை ஒப்பந்தத்தில் வைக்கச் சொல்கிறேன். அமர்வை நீதித்துறை பார்த்துக்கொள்ளட்டும், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மனது வைத்தால் பதினைந்து நாளைக்கு ஒரு சாயங்காலம் கிடைக்காதா?

போதை ஒழிப்பு நாள் என்று ஜூன் 26-ஆம் தேதி பள்ளிக்கூடங்களில் கை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள், ஊர்வலம் போகிறார்கள், கஞ்சா வேட்டை என்று செய்தியும் வருகிறது. எல்லாம் இருக்கட்டும். உங்கள் நிருபரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: டோல்கேட்டில் போன வருடம் எவ்வளவு வசூல், அதில் இந்த ஊர் இளைஞர்களுக்கென்று எவ்வளவு செலவானது என்று நகராட்சியில் கேட்டு எழுதட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட வேண்டியிருந்தால் சொல்லுங்கள், நகல் எடுக்கிற செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்,
கொடைக்கானல்.