ஒரே பந்தல், ஒரே பந்தி: தொடக்க அமர்வுக்கான நன்கொடை வேண்டுகோள்

வணக்கம்.

இந்த ஒரு சொல்லுக்கு வந்து சேர எங்கள் குழுவுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கத்தோலிக்கப் பங்கிலிருந்து வந்தவர்கள் ‘இயேசுவுக்கே புகழ்’ என்று தொடங்கலாம் என்றார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரர்கள் ‘கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்’ என்று எழுதித்தான் பழக்கம் என்றார்கள். பெந்தெகொஸ்தே சபைத் தம்பி ஒருவர், “ஸ்தோத்திரம் போதுமே, எதற்கு இவ்வளவு பேச்சு?” என்றார். இந்தக் கடிதம் ஜமாத்துக்கும் கோயில் கமிட்டிக்கும் போகிறது என்று யாரோ ஞாபகப்படுத்திய பிறகுதான் வணக்கத்தில் வந்து நின்றோம். கடிதத்துக்கே இந்தப் பாடு என்றால் விழாவுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறோம். பல நாடுகளிலிருந்தும் பல சபைகளிலிருந்தும் ஆட்கள் கூடுகிற திருச்சபை மாநாடு ஒன்று வரும் தை மாதம் மதுரையில் நடக்கிறது. அதன் தொடக்க அமர்வை மட்டும் ஒரு நாள் மாலை நம் கரையில், பாம்பன் தீவில் வைத்துக்கொள்ள முடிவாகியிருக்கிறது. நாள் ஜனவரி 18. கிறிஸ்தவ ஒன்றிப்புக்காக உலகம் முழுக்கச் செபிக்கிற வாரம் அன்றுதான் தொடங்குகிறது. 1908-இல் ஆரம்பித்த பழக்கம் அது. 25-ஆம் தேதி பவுலடியார் மனம் திரும்பிய நாளோடு முடியும். அமர்வுக்கு அவர்கள் வைத்திருக்கும் பொருள் ஒற்றுமையும் பன்மையும். வருகிறவர்கள் ஏறக்குறைய 120 பேர். நம் கரை மக்களையும் சேர்த்தால் அன்று இரவு 1,600 இலை போட வேண்டியிருக்கும்.

மாநாட்டை நடத்துகிறவர்கள் முதலில் சொன்னது வேறு. சென்னையிலிருந்து ஒரு காண்டிராக்டர் வந்து எல்லாம் செய்துவிடுவார், நீங்கள் கூட்டத்தைச் சேர்த்தால் போதும் என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் வீட்டுக்கு வருகிறவரிடம் இலைக்குக் காசு வாங்குகிற வழக்கம் இங்கே கிடையாது. பஸ், தங்கும் இடம் எல்லாம் உங்கள் பொறுப்பு, அந்த ஒரு மாலை எங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டோம். சொல்லிவிட்டு வெளியே வந்ததும் எங்களில் பாதிப் பேருக்குக் கை நடுங்கியது என்பதையும் மறைக்கவில்லை.

முதலில் பந்தல். எல்லாக் கூட்டத்திலும் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். தை மாதத்து வாடைக் காற்று எப்படி இருக்கும் என்று இந்தத் தீவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கொடியேற்றத்துக்குத் துணிப் பந்தல் போட்டோம். வாடகைக்காரர் கம்பியை இரண்டடி மணலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் காற்று உள்ளே புகுந்ததும் துணி பாய் மாதிரி விரிந்து, கம்பியோடு ரோட்டுப் பக்கம் போய் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அன்றிலிருந்து துணிப் பந்தல் என்றாலே பெரியவர்கள் தலையை ஆட்டிவிடுகிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி போனதைப் பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். காற்றைப் பற்றி அவர்களோடு வாதாட முடியாது.

அதனால் சவுக்குக் கால், தென்னங்கீற்று, தாழ்வான கூரை, காற்று புகுந்து வெளியேற இரண்டு பக்கமும் திறப்பு என்று முடிவு செய்திருக்கிறோம். வலை பின்னுகிறவர்களே கட்டித் தருகிறோம் என்று வந்திருக்கிறார்கள். அவர்கள் போடுகிற முடிச்சை எந்தக் காண்டிராக்டராலும் போட முடியாது. சாமானுக்கும் கூலிக்கும் 1,80,000 ரூபாய். இவ்வளவு பெரிய கூட்டத்தை ஓலைக்கீழ் உட்கார வைப்பதா என்று குழுவில் ஒருவர் தயங்கினார். 1983-இல் கனடாவின் வான்கூவரில் பல நாட்டுச் சபைகள் சேர்ந்த உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பேரவை கூடியபோது வழிபாடுகள் நடந்தது ஒரு பெரிய கூடாரத்தில்தான் என்று எங்கள் ஆயர் சொன்ன பிறகு அவரும் சரி என்றார்.

அப்புறம் நாற்காலியும் பாத்திரமும். இங்கேதான் உங்கள் யோசனையைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்கக் கேட்கிறோம். இவற்றை வாடகைக்கு எடுக்கப்போவதில்லை, சொந்தமாக வாங்கப்போகிறோம். 800 நாற்காலி, ஒன்று 500 ரூபாய் வீதம் 4,00,000. அண்டா, தேக்சா, வாளி, கரண்டி, பந்தி விரிப்பு எல்லாம் சேர்த்து 1,40,000. மொத்தச் செலவில் பாதி இதற்கே போகிறது. ஒரு மாலைக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். ஒரு மாலைக்கு அல்லவே. நம் ஊர்களில் கல்யாணமோ துக்கமோ வந்தால் நாற்காலிக்கு எங்கே ஓடுகிறோம் என்பது தெரியும். முகூர்த்த நாளில் வாடகை ஏறிவிடும். துக்க வீட்டில் பேரம் பேசவும் வாய் வராது. அமர்வு முடிந்த மறுநாளே இவை கரை மக்களின் பொதுச் சொத்தாகிவிடும். எந்தச் சபை, எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்காமல் துக்கத்துக்கு இலவசமாகவும், கல்யாணத்துக்குக் கழுவுகூலி மட்டும் வாங்கிக்கொண்டும் கொடுப்பதாகத் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நாற்காலியின் முதுகில் எந்தச் சபைப் பெயரும் இருக்காது. ‘கரை மக்கள்’ என்று மட்டும் எழுதுகிறோம். இந்த ஒரு தீர்மானத்துக்கு மட்டும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு இலைக்கு 110 ரூபாய் வீதம் 1,76,000. நாட்டுப்படகுக்காரர்கள் தங்கள் தொழில் நாளில் ஒரு நாள் மீனைத் தருவதாகச் சொல்லியிருப்பதால்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. மீன் வாங்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு மடங்கு போட வேண்டும். வெளிநாட்டார் வயிற்றை நினைத்து முண்டு மிளகாயைக் குறைக்கச் சொன்னோம். சமையல் பொறுப்பெடுத்த அக்காமார் கேட்பதாக இல்லை. புவிசார் குறியீடு வாங்கிய மிளகாயை வைத்துக்கொண்டு பத்தியக் குழம்பா வைப்பது என்கிறார்கள். இரண்டு அண்டாவாகப் பிரித்து வைப்பதாக இப்போதைக்கு உடன்பாடு. இந்தப் பெண்கள் கைக்கு 1,600 இலை பெரிய காரியமில்லை. குடிக்க ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லாத கச்சத்தீவுக்கு, அந்தோனியார் திருவிழாவுக்குக் குடத்தையும் அரிசியையும் படகில் ஏற்றிப் போய்ப் பொங்கிப் போட்டவர்கள் அவர்களில் இருக்கிறார்கள்.

மைக், ஒலிபெருக்கி, மொழிபெயர்ப்புக் கருவி எல்லாம் 90,000. விளக்கும் ஜெனரேட்டரும் 45,000. தற்காலிகக் கழிப்பறை 60,000. கடைசியைக் குறைக்கலாம் என்று ஆண்கள் சொன்னார்கள், பெண்கள் கூடாது என்றார்கள், குறைக்கவில்லை.

ஆக மொத்தம் 10,91,000 ரூபாய். இதுவரை ரசீது போட்டுக் கைக்கு வந்தது 3,36,500. இன்னும் 7,54,500 வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு மாலை எதற்கு என்று ஒரு பெரியவர் எங்களைக் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம்.

இந்த மாதிரி உலகக் கூட்டங்களின் தொடக்கத்தில் தமிழ்க் குரல் கேட்பது புதிதில்லை. 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் பிறந்தபோது, 147 திருச்சபைகள் கூடிய அந்த முதல் பேரவையின் தொடக்க வழிபாட்டில் பேசியவர்களில் ஒருவர் டி.டி. நைல்ஸ், யாழ்ப்பாணத்து மெதடிஸ்ட் போதகர். நமக்கு எதிர்க்கரைக்காரர். இருபது வருஷம் கழித்து, 1968-இல் சுவீடனின் உப்சாலாவில் கூடிய பேரவையில் தொடக்கப் பிரசங்கம் செய்ய மார்ட்டின் லூதர் கிங்கை அழைத்திருந்தார்கள். அந்த ஏப்ரலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இடத்தில் நின்று பிரசங்கித்தவரும் நைல்ஸ்தான். கத்தோலிக்கத் திருச்சபை இந்த மன்றத்தின் பேரவைக்கு முதன்முதலாக அதிகாரபூர்வப் பார்வையாளர்களை அனுப்பியது 1961-இல், அதுவும் நம் புது தில்லியில் கூடியபோது.

1947 என்றால் எல்லோருக்கும் சுதந்திரம்தான் ஞாபகம் வரும். அந்த வருஷம் ஜூன் 22-இல்தான் நம் ஓரியூர் மண்ணில் 1693-இல் தலை வெட்டப்பட்ட போர்த்துக்கீசியக் குரு அருளானந்தருக்கு (ஜான் டி பிரிட்டோ) புனிதர் பட்டம் கிடைத்தது. அதே வருஷம் செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சென்னையில் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. மூன்று மாத இடைவெளியில் நடந்த இரண்டு காரியம். ஆனால் இந்தக் கரையில் கத்தோலிக்கர் ஒன்றையும் சி.எஸ்.ஐ. மக்கள் மற்றொன்றையும் மட்டுமே கொண்டாடி வந்திருக்கிறோம். ஒருவர் விழாவுக்கு மற்றவர் போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பிவிடுவது வழக்கம். ஒரே சபைக்குள்ளேயே தெருவாரியாக உட்கார்ந்த காலமும் உண்டு. அது முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய் சொன்னதாகும்.

ஒத்திகையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடக்க அமர்வில் கர்த்தர் கற்பித்த செபத்தை அவரவர் தாய்மொழியில் ஒரே நேரத்தில் சொல்வார்கள். நமக்கென்ன, எல்லோருக்கும் தமிழ்தானே என்று ஆரம்பித்தோம். ஒரு பக்கம் ‘விண்ணுலகிலிருக்கிற எங்கள் தந்தையே’, மறு பக்கம் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’. இரண்டும் நடுவில் மோதி, கத்தோலிக்கர் ஆமென் சொல்லி முடித்தபோது சி.எஸ்.ஐ. மக்கள் ‘ராஜ்யமும் வல்லமையும்’ என்று இன்னும் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரே மொழியைச் சொன்ன நாங்கள் இரண்டு தடவை முடித்தோம். சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரே வடிவமாக்கலாமா என்று பேசிப் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டோம். முந்தி முடித்தவர்கள் பிந்தி முடிக்கிறவர்களுக்காகக் கைகுவித்தபடி காத்திருப்பது என்று முடிவு.

அன்று அப்பமும் ரசமும் பகிர்கிற நற்கருணை, திருவிருந்து எதுவும் கிடையாது. அந்தப் பந்தியில் நம் சபைகள் இன்னும் சேர்ந்து உட்காரவில்லை, அதைத் தீர்ப்பது எங்கள் குழுவின் கையிலும் இல்லை. கீர்த்தனை உண்டு, தவில் நாதஸ்வரம் உண்டு, வேத வாசிப்பு உண்டு, வந்தவர்கள் பேச்சு சுருக்கமாக உண்டு (சுருக்கம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், பார்ப்போம்). அது முடிந்ததும் எல்லோரும் ஒரே நீளப் பந்தியாக உட்காருகிறோம். பிஷப்மார்களுக்குத் தனி மேசை கிடையாது. அந்தப் பந்திக்குத்தான் இந்தப் பணம்.

கொடுக்கும் முறை பற்றிச் சில விவரங்கள். படகுக்கு 1,000 ரூபாய் என்று கேட்டிருக்கிறோம். ஐப்பசி கார்த்திகையில் மழையும் புயலுமாகக் கை வறண்டிருக்கும் என்பது தெரியும், அதனால் இரண்டு தவணையாகத் தரலாம். கடற்பாசி எடுக்கும் பெண்களிடமும், ஆண் துணையில்லாத வீடுகளிடமும் வசூலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். அவர்களாகத் தந்தால் பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு. ஒரு நாற்காலி 500 ரூபாய். இறந்துபோனவர் நினைவாக வாங்கித் தர விரும்புகிறவர்கள் தாராளமாகத் தரலாம். பெயர் கணக்கு நோட்டில் ஏறும், நாற்காலியில் ஏறாது. பணமில்லாதவர்கள் கீற்று, விறகு, தேங்காய், வாழையிலை தரலாம். ஜமாத்தார் இரண்டு பெரிய பிரியாணி தேக்சா தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதையும் மதிப்புப் போட்டு வரவில் எழுதியிருக்கிறோம்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இந்தியக் குடிமக்களாகவே இருந்து, உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் வாங்கிக்கொள்ளச் சட்டத்தில் தடையில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அது வெளிநாட்டு நிதி என்ற கணக்கில் வரும், அதை வாங்குவதற்கான பதிவு எங்களிடம் இல்லை. அந்த நேரம் ஊருக்கு வந்தால் பரிமாற ஆள் வேண்டும், வாருங்கள். வருமான வரி விலக்குச் சான்றிதழும் எங்களால் தர முடியாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

நாற்காலிக்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால் நவம்பர் கடைசிக்குள் பெரும் பகுதி வந்துவிட்டால் நல்லது. ஞாயிறுதோறும் வரவு செலவுக் கணக்கை எல்லா ஆலய வாசலிலும் மீன் ஏலக் கூடத்துப் பலகையிலும் ஒட்டுகிறோம். மிச்சம் விழுந்தால் இன்னும் நாற்காலி வாங்குவோம். குறைந்தால் முதலில் விளக்கு அலங்காரத்தில் கை வைப்போம், சாப்பாட்டில் வைக்க மாட்டோம்.

வங்கிக் கணக்கு விவரம் ரசீதின் பின்பக்கம் இருக்கிறது. ரசீதுப் புத்தகம் நீல அட்டை போட்டது, ஒவ்வொரு தாளிலும் இரண்டு கையெழுத்து இருக்கும், இரண்டும் வெவ்வேறு சபைக்காரர்களுடையது. ஒரே கையெழுத்தோடு யாராவது வந்து கேட்டால் பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
தொடக்க அமர்வு ஏற்பாட்டுக் குழு